பெத்பகேயிலிருந்து புனித அன்னாள் ஆலயம் வரை: குருத்தோலை ஞாயிறும் பாட்டும்

குருத்தோலை ஞாயிறன்று எருசலேமில் இருக்கப் போகிறவர்கள், முந்தின நாளே எரிகோவைப் பார்த்துவிடுவது நல்லது. லூக்கா 19ஆம் அதிகாரத்தின் வரிசையும் அதுதான்: முதலில் இயேசுவைப் பார்க்க மரமேறிய வரிவசூலிப்பவன் சகேயு, பிறகு இயேசு எருசலேமுக்கு ஏறிவந்த கழுதைக்குட்டி. எரிகோவில் முதிர்ந்த காட்டத்தி மரம் ஒன்றை அவன் நினைவாகக் காட்டுகிறார்கள். அந்த மரமேதானா என்று வழிகாட்டியிடம் வாதாட வேண்டாம். ஞாயிறு பள்ளியில் கை அசைத்துப் பாடும் சகேயு பாட்டுகள் பெரும்பாலும் குள்ளன், மரம், ‘இறங்கி வா’ என்பதோடு முடிந்துவிடும். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொல்லும் 8ஆம் வசனத்தைத் தொடுவதில்லை. பிள்ளைகள் பாடி முடித்ததும் அதை வாசிக்க வையுங்கள்.

திரும்பும் வழியில் ஒலிவமலையின் பாத்தர் நோஸ்டர் ஆலயம். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பீங்கான் பலகைகளில் இருக்கும் கர்த்தருடைய ஜெபத்தில் தமிழும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அடைப்பு என்பதால் சனியன்றே பார்த்துவிட வேண்டும்.

கத்தோலிக்கரின் பவனி ஞாயிறு பிற்பகல் சுமார் இரண்டரை மணிக்கு, ஒலிவமலைச் சரிவிலுள்ள பெத்பகேயின் பிரான்சிஸ்கன் ஆலயத்திலிருந்து கிளம்பும். ஆர்த்தடாக்ஸ் சபைகளின் ஈஸ்டர் பல ஆண்டுகளில் வேறு தேதியில் வரும். பயணச்சீட்டு எடுக்குமுன் எந்த நாட்காட்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலை உச்சியைக் கடந்ததும் இறக்கம் செங்குத்து, தளமும் வழுக்கும். ரப்பர் அடிச்செருப்பு கட்டாயம். கூட்டம் நீளமாகப் போவதால் முன்னே பாடுவது பின்னே கேட்காது, தாளம் பிரிந்துவிடும். பாட்டை எடுத்துக்கொடுப்பவர் உங்கள் குழுவின் நடுவில் நடக்கட்டும். நீண்ட சரணங்களை விட்டுப் பல்லவியை மட்டும் பாடுங்கள்.

கையில் பிடிக்கும் குருத்தோலை யோவான் 12:13இல் மட்டுமே வருகிறது. மத்தேயுவிலும் மாற்கிலும் வெறும் மரக்கிளைகள். லூக்காவில் கிளையும் இல்லை, ‘ஓசன்னா’ என்ற முழக்கமும் இல்லை. பிள்ளைகள் ஆர்ப்பரிப்பதோ மத்தேயு 21:15இல், அதுவும் சாலையில் அல்ல, எருசலேம் தேவாலயத்துக்குள். நம் சபைகளில் பாடும் ‘ஓசன்னா பாலர் பாடும்’, ஒன்பதாம் நூற்றாண்டில் ஓர்லியன்ஸ் பேராயர் தியோதுல்ஃப் எழுதிய லத்தீன் பாட்டின் வழி வந்தது. தேவாலயத்துப் பாலரைப் பவனியோடு சேர்த்துப் பாடுகிறது அந்தப் பாட்டு. சேர்த்தது தவறென்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் தெரிந்து பாடுவது வேறு.

பவனி கெத்செமனேயைத் தாண்டி, சிங்க வாசல் வழியாக நுழைந்து, புனித அன்னாள் ஆலயத்தில் முடியும். அன்றைய நெரிசலில் உள்ளே பாட நினைக்காதீர்கள். வேறொரு நாள் காலையில் வாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர் வீரர் காலத்தில் எழுந்த இந்தக் கல் மண்டபத்தில் ஒலி பல வினாடிகள் நிற்கும். கைதட்டு, கஞ்சிரா, வேக நடை, பொடிச் சங்கதி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். சுருதியைத் தாழ்த்தி வாத்தியமில்லாமல் தொடங்குங்கள்; அடி முடிந்ததும் எதிரொலி அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடியை எடுங்கள். மூன்று நாலு பேர் பாடினாலே மண்டபம் நிறைந்துவிடும். பக்திப் பாடல்களுக்கு மட்டுமே அனுமதி. இரண்டு சரணம் போதும், அடுத்த குழு வாசலில் நிற்கும். அதே வளாகத்தில்தான் யோவான் 5ஆம் அதிகாரத்துப் பெதஸ்தா குளத்தின் இடிபாடுகள். ஆழமான பள்ளம், படிகளில் முதியவர்களுக்குக் கை கொடுங்கள்.