அரை நிமிட ஒட்டல், நான்கு நாள் சுரண்டல்

பிரிட்ஜ், அதாவது மேல்பலகையில் ஒட்டிக் கம்பிகளைத் தாங்கும் கட்டை, பெயர்ந்த ஒரு பழைய ஸ்டீல் கிட்டார் என்னிடம் வேலைக்கு வந்தது. மடியில் கிடத்தி, கம்பிகள் மேல் 'ஸ்டீல்' என்ற உலோகத் துண்டை இழுத்து வாசிப்பது. வைசன்போர்ன் என்ற தயாரிப்பாளரின் பாணி. உடம்பும் கழுத்தும் ஒரே கூடாக ஓடும், எல்லாம் ஹவாயில் வளரும் கோவா (koa) மரம். 1920களில் ஹவாய் இசை மோகம் அமெரிக்காவை ஆட்டிவைத்தபோது லாஸ் ஏஞ்சலிஸில் செய்யப்பட்டு வந்த வகை. லேபிள் இல்லாததால் யார் செய்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பார்த்தேன். பாதி தூரம் வரை தடையில்லாமல் போனது.

"கொஞ்சம் பசை விட்டு அழுத்திக் கட்டினால் போதாதா தம்பி?" என்றார் சொந்தக்காரர். எனக்கு முன்னால் யாரோ அதைத்தான் செய்திருந்தார்கள் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

கம்பிகளைத் தளர்த்திவிட்டு, சுற்றிலும் வார்னிஷுக்குச் சூடு படாமல் அலுமினியத் தாள் ஒட்டி, சூடாக்கிய மெல்லிய கத்தியால் பிரிட்ஜை மெதுவாகக் கழற்றினேன். அடியில் இரண்டு பசைகள். முன்பக்கம் பழுப்பாக, கண்ணாடிச் சில்லு போல உடைந்தது வச்சிரப் பசை, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது. வெந்நீர் ஒரு சொட்டு வைத்ததும் வழவழத்தது, அதுதான் அதன் அடையாளம். பின்பக்கம் ரப்பர் போல உரிந்தது வெள்ளைப் பசை. பழைய பசையைச் சுத்தம் செய்யாமல் அதன் மேலேயே ஊற்றியிருந்தார்கள். புதுப் பசை பெரும்பாலான இடத்தில் மரத்தைத் தொடவே இல்லை. தொட்ட இடத்திலும், காய்ந்த வெள்ளைப் பசை ஓயாத இழுப்புக்கு மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும். பட்டென்று விடாது, மாதக்கணக்கில் வழுக்கும்.

வெறும் வச்சிரமாக இருந்திருந்தால் என் வேலை பாதியாகியிருக்கும். வச்சிரம் மேல் புது வச்சிரம் சூடாகப் பட்டால் பழையது இளகிச் சேர்ந்துகொள்ளும். வெள்ளைப் பசையின் மிச்சம் மேல் எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது. ஆகவே வினிகர் நனைத்த துணியை வைத்து, அது இளகியதும் சுரண்டி, மறுபடி வைத்து, மறுபடி சுரண்டி... நான்கு நாள். மேல்பலகை மூன்று மில்லிமீட்டர் கூட இல்லை, அவசரப்பட்டால் மரமே வந்துவிடும். ஒரு மூலையில் வினிகர் வார்னிஷுக்குள் கசிந்து நகக்கண் அளவு மங்கல் விழுந்தது. என் கவனக்குறைவுதான்.

இன்னொரு சிக்கல். பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாக உப்பியிருந்தது, பிரிட்ஜின் அடியோ தட்டை. கிளாம்பால் நெரித்தால் அன்றைக்கு ஒட்டிவிடும், ஆனால் எடுத்த நொடியிலிருந்து பலகை எழும்பப் பார்க்கும். எனவே பலகை மேல் உப்புத்தாளைப் பரப்பி, பிரிட்ஜை அதில் முன்னும் பின்னும் தேய்த்து, அடிப்பக்கத்தை அந்த வளைவுக்கே கொண்டுவந்தேன்.

அப்புறம்தான் ஒட்டல். வச்சிரம் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தது. ஆறத் தொடங்கினால் கூழாகிவிடும், கைக்கு அரை நிமிடம்தான். அதனால் பசையில்லாமல் மூன்று தடவை ஒத்திகை பார்த்து, மரத்தையும் லேசாகச் சூடாக்கி, பிறகு ஒட்டினேன். ஒரு நாள் கிளாம்பிலேயே விட்டேன்.

முதல் தடவை ஏன் விட்டது என்பதும் பிடிபட்டது. சொந்தக்காரர் சாதாரண கம்பிகளைப் போட்டு, ரெசனேட்டர் கிட்டார்காரர்கள் (உள்ளே உலோகக் கூம்பு வைத்த கிட்டார் வாசிப்பவர்கள்) வைக்கும் உயர் ஜி சுருதிக்கு ஏற்றி வைத்திருந்தார். ஆறாவது கம்பி வழக்கமான ஈ சுருதியிலிருந்து ஜி-க்குப் போனால் இழுவிசை ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். ஐந்தாவது ஏ-யிலிருந்து பி-க்குப் போனால் 25-க்கு மேல். உள்ளே மெல்லிய குறுக்குச் சட்டங்கள் மட்டும் உள்ள இந்தப் பெட்டி அதைத் தாங்கப் பிறந்ததில்லை. நான் அதைவிடத் தாழ்ந்த ஓப்பன் டி சுருதியில் கட்டிக் கொடுத்தேன்.

மங்கலைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மடியில் வைத்து, ஸ்டீலை ஒரு தடவை நீளமாக இழுத்து, காது கொடுத்துக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். சற்றுக் கழித்து: "இனிமே ஜி-க்கு ஏத்தலாம்ல தம்பி?"