லண்டன் லா ஃபர்ம் விண்ணப்பத்தில் ‘மூன்று மொழி தெரியும்’ என்று எழுதுவதற்கு முன்

லண்டனில் உள்ள பெரிய வணிகச் சட்ட ஃபர்ம்களுக்கு நம் மாணவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: தமிழ், ஆங்கிலம், இந்தி தெரியும், இரு பண்பாடுகளுக்கு இடையே பாலமாக இருப்பேன். படிப்பவர் அதை அப்படியே தாண்டிப் போய்விடுவார். சீனா, நைஜீரியா, பிரேசில் என்று எல்லா ஊர் மாணவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். வெளிநாட்டு மாணவருக்கு அங்கே சாதகம் உண்டு, அதுவும் கணிசமாகவே உண்டு. ஆங்கிலச் சட்டப்படி எழுதிய ஒப்பந்தம் நம் ஊருக்குள் கால் வைத்ததும் எங்கே இடறும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் அது.

முத்திரைத் தீர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஒரு கடன் ஒப்பந்தம் முடிகிறது என்றால், ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து கையெழுத்துப் பக்கத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள், டிரெயினி, அதாவது ஃபர்மில் பயிற்சியில் இருக்கும் இளம் வழக்கறிஞர், அவற்றைக் கோத்து எல்லாருக்கும் சுற்றுக்கு விடுவார். அங்கே கடன் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கிடையாது என்பதால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. கடன் வாங்குவது இந்தியக் கம்பெனி என்றால் நிலைமை வேறு. முழுக்க வெளிநாட்டில் கையெழுத்தான ஆவணம் முதன்முதலில் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்வை கட்டியாக வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. கட்டாவிட்டால் 35ஆம் பிரிவு பாயும்: நீதிமன்றத்தில் அந்த ஆவணம் சாட்சியமாக ஏறாது. பிறகு ஏற்ற வேண்டுமானால் கட்டாமல் விட்ட தீர்வையோடு அதன் பத்து மடங்கு வரை அபராதமும் கட்ட நேரும். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, முத்திரையிடாத ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது, அது சரிசெய்யக்கூடிய குறைதான் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடும் நேரத்தில் அந்தக் குறையைச் சரிசெய்ய ஓடுவது எந்த வங்கிக்கும் பிடிக்காது.

இதில் டிரெயினியின் எல்லை எது என்பதும் தெரிய வேண்டும். இந்தியச் சட்டப்படி என்ன தீர்வை, எவ்வளவு என்று ஆலோசனை சொல்வது இந்திய வழக்கறிஞரின் வேலை. “கையெழுத்துப் பக்கங்களை மும்பைக்கு அனுப்புவதற்கு முன் அங்குள்ள வழக்கறிஞரிடம் முத்திரை பற்றிக் கேட்டுவிட்டோமா?” என்று சரியான நாளில் கேட்பதுதான் டிரெயினியின் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர் இருந்தால் போதும். நேர்காணலில் ‘நான் இந்தியச் சட்டம் சொல்வேன்’ என்று மார்தட்டினால் எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னர் அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்: இவர் தகுதியில்லாத ஆலோசனை சொல்லி ஃபர்முக்குக் காப்பீட்டுத் தலைவலி தருவார்.

இந்த வேலை ஏன் லண்டனிலும் சிங்கப்பூரிலும் நடக்கிறது, சென்னையிலேயே அந்த ஃபர்ம்கள் அலுவலகம் போட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கான வழக்கே சென்னையில்தான் தொடங்கியது. ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 2012இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2018இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. வெளிநாட்டு வழக்கறிஞர் இங்கே அலுவலகம் வைத்துத் தொழில் செய்ய முடியாது, எப்போதாவது வந்து தன் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம் என்பது சாரம். பார் கவுன்சில் 2023இல் விதி போட்டு, 2025இல் திருத்தி, பதிவு செய்துகொண்டு வெளிநாட்டுச் சட்டத்தில் மட்டும், நீதிமன்றம் ஏறாத வேலையைச் செய்யலாம் என்று வாசலைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. இந்தியச் சட்டம் இன்னும் அவர்களுக்கு வெளியேதான். அதனால்தான் லண்டன் ஃபர்ம்களில் ‘இந்தியா டெஸ்க்’, அதாவது இந்தியா சம்பந்தப்பட்ட வேலைகளைக் கவனிக்கும் குழு, இருக்கிறது. இந்தியா தெரிந்த ஆளுக்கு அங்கே நாற்காலி கிடைப்பதும் அதனால்தான்.

சட்டக் கல்லூரியில் மனப்பாடம் செய்த பிரிவுகள் எல்லாம் இங்கே காசாகும். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை, நியாயமான அளவில் இருந்தால் இங்கிலாந்தில் செல்லும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் நியாயமானதா என்ற கேள்விக்கே இடமில்லை, செல்லாது. நற்பெயரோடு தொழிலை விற்கும்போது மட்டும் விலக்கு உண்டு. மறுபயன், அதாவது வாக்குறுதிக்குப் பதிலாகத் தரப்படுவது: வாக்குறுதி பெற்றவரே அதைத் தர வேண்டும் என்பது ஆங்கில விதி. வேறொருவர் தந்தாலும் போதும் என்பது நம் விதி, சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கில் 1880களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மலேசியாவில் படித்தவருக்கு இவை பழகிய பாடம்தான், அங்குள்ள 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. இலங்கையிலிருந்து வருபவருக்கு இன்னொரு சாதகம்: ரோமன்–டச்சுச் சட்டமும் ஆங்கில வணிகச் சட்டமும் ஒரே நாட்டில் பக்கத்தில் பக்கத்தில் இயங்குவதைப் பார்த்தவர். ஐரோப்பிய வழக்கறிஞரோடு பேசும்போது அந்தப் பயிற்சி உதவும்.

நேர்காணலுக்கு ஒரே ஒரு விஷயத்தை ஆழமாகத் தயாரித்துக்கொண்டு போகலாம் என்றால் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனத்தைச் சொல்வேன். 2023 மே மாதம் அது தானாகவே திவால் மனு போட்டது. ஐபிசி எனப்படும் இந்தியத் திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி அதன் வசமுள்ள சொத்துகளை யாரும் எடுக்கத் தடை விழுந்தது, குத்தகைக்கு விட்ட வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் சொந்த விமானத்தையே எடுத்துப் போக முடியவில்லை. விமானத்தைக் குத்தகைக்கு விட்டவர்களின் உரிமையைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008இலேயே சேர்ந்திருந்தது. ஆனால் அதை உள்நாட்டில் செயல்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. 2023 அக்டோபரில் மத்திய அரசு விமானங்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு அளித்து அறிவிக்கை வெளியிட்டது, 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் விமானங்களின் பதிவை ஐந்து வேலை நாட்களுக்குள் ரத்து செய்யச் சொன்னது, 2025இல் தனிச் சட்டமும் வந்தது. விமானக் குத்தகை ஒப்பந்தங்களில் பெரும்பங்கு ஆங்கிலச் சட்டத்திலோ நியூயார்க் சட்டத்திலோ எழுதப்படுபவை. காகிதத்தில் உரிமை இருந்தும் விமானம் ஏறக்குறைய ஓராண்டு ஓடுபாதை ஓரத்தில் நின்றது, அதற்குக் காரணம் இன்ன பிரிவு என்று மூன்று வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் ‘வணிக விழிப்புணர்வு’ என்று அவர்கள் தேடுவது அதுதான். செய்தித்தாள் தலைப்புகளை ஒப்பிப்பது அதில் சேராது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் டிவிஎஸ் மோட்டார், பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் தொழிலை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. நார்ட்டன் அப்போது ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ நிலையில், அதாவது திவால் நிர்வாகியின் கையில் இருந்தது. நிர்வாகி விற்கும்போது பொதுவாக எந்த உத்தரவாதமும் தரமாட்டார், இருப்பது இருக்கிறபடி வாங்கிக்கொள் என்பார். ஆகவே வாங்குபவர் கம்பெனியின் பங்குகளை விட்டுவிட்டு பிராண்ட், வடிவமைப்பு உரிமை, இயந்திரம் என்று சொத்துகளை மட்டும் எடுப்பது வழக்கம், பழைய கடன்கள் பின்னாலேயே நின்றுவிடும். ஊழியர்கள் மாறி வருவதற்குத் தனி விதிகள் உண்டு. இந்தியப் பக்கத்தில் ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் வெளிநாட்டு முதலீட்டு விதிகள். ஓசூர்க் கம்பெனி என்று நமக்குத் தெரிந்த பெயரை வைத்து இவ்வளவும் பேசலாம். இதை விட்டுவிட்டு ஆப்பிளும் டெஸ்லாவும் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

சரி, மொழிக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் நினைக்கும் இடத்தில் இல்லை. கம்பெனி வாங்கல் விற்றலில் ஆவணம் முழுக்க ஆங்கிலம்தான். வழக்குப் பிரிவில்தான் தமிழுக்கு வேலை வரும். இங்கிலாந்து சிவில் நடைமுறை விதிகளின் 32ஆம் நடைமுறைக் குறிப்பு, சாட்சியின் வாக்குமூலம் அவருடைய சொந்த மொழியிலேயே எழுதப்பட வேண்டும், பிறகுதான் மொழிபெயர்க்க வேண்டும், மொழிபெயர்த்த தேதியையும் குறிப்பிட வேண்டும் என்கிறது. வழக்கமாக நடக்கும் தவறு: சாட்சியிடம் தமிழில் பேசிவிட்டு, வழக்கறிஞர் நேராக ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது. 2022இல் போர்ச்சுகீசியம் பேசும் ஒருவருக்கு இப்படி ஆங்கிலத்தில் மட்டும் தயாரித்த வாக்குமூலத்தை அங்குள்ள உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. திருப்பூர் ஏற்றுமதியாளரோ யாழ்ப்பாணத்து வியாபாரியோ சாட்சி என்றால், தமிழ் வரைவைப் படித்து ‘இவர் இப்படிப் பேசுவாரா’ என்று பார்க்கத் தெரிந்த டிரெயினி தங்கம். மோசடி வழக்குகளில் வாட்ஸ்அப் உரையாடல்களைப் படிப்பதும் இப்படித்தான், அதுவும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழை எந்த மென்பொருளும் ஒழுங்காகப் பிரித்துத் தராது. விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இதை.

இவ்வளவு சாதகமும் காலண்டரில் தோற்றுப்போகும். எல்எல்எம் என்ற முதுநிலைச் சட்டப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இது முக்கியம். ஒரு வருடப் படிப்பு செப்டம்பரில் தொடங்கும். பெரிய ஃபர்ம்கள் மாணவர்களை விடுமுறையில் சில வாரம் வேலை பார்க்க வைத்து ஆள் தேர்வு செய்யும் வெக்கேஷன் ஸ்கீமுக்கான விண்ணப்பங்கள் இலையுதிர்காலத்தில் திறந்து, பலவும் டிசம்பர், ஜனவரியிலேயே மூடிவிடும். விமானத்திலிருந்து இறங்கிய மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் ஊரிலேயே வரைவுகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். தேர்வானாலும் டிரெயினிங் காண்ட்ராக்ட், அதாவது டிரெயினியாக வேலை பார்க்கும் ஒப்பந்தம், பெரும்பாலும் இரண்டு வருடம் கழித்துத்தான் தொடங்கும். இன்னொரு கண்ணி கோடையில் இருக்கிறது: முதுநிலை மாணவருக்குக் கோடை மாதங்கள் ஆய்வேட்டுக் காலம், பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதைப் பாடக் காலமாகவே கணக்கிடும். மாணவர் விசாவில் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், வெக்கேஷன் ஸ்கீமோ முழுநேரம். ஆகவே எல்எல்எம் மாணவர் குளிர்கால, வசந்தகால ஸ்கீம்களைக் குறிவைப்பது நல்லது, தேதிகளைப் பல்கலைக்கழக விசா அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். படிப்பு முடிந்து கிடைக்கும் கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்.

தேர்வு பற்றிச் சுருக்கமாக. 2021இலிருந்து சொலிசிட்டர், அதாவது ஃபர்ம்களில் வேலை பார்க்கும் வகை வழக்கறிஞர், ஆக எஸ்க்யூஇ என்ற தகுதித் தேர்வை எழுத வேண்டும். முதல் பகுதி 360 பலவிடைக் கேள்விகள், இரண்டாவது பகுதி எழுத்தும் வாய்மொழியுமாகப் பதினாறு பயிற்சிகள். தேர்வுக் கட்டணம் மட்டும் இப்போது ஐயாயிரம் பவுண்டை நெருங்குகிறது. பெரிய ஃபர்ம்கள் இதையும் பயிற்சிக் கட்டணத்தையும் தாங்களே கட்டும், அதனால் ஆஃபர் வருவதற்கு முன் சொந்தக் காசில் எழுத அவசரப்பட வேண்டாம். ஆறு வருடத்தில் மூன்று முயற்சிதான், 2024 ஜூலையில் முதல் பகுதியில் தேறியவர்கள் 44 சதவீதம். ஏற்கனவே பதிவு செய்த வழக்கறிஞராக இருந்தால் மற்றவர்களுக்குக் கட்டாயமான இரண்டு வருட வேலை அனுபவம் (தகுதி அனுபவம்) தேவையில்லை, இரண்டாம் பகுதிக்கு விலக்கும் கேட்டுப் பார்க்கலாம். பதிவு செய்யாதவர் சென்னையிலோ கொழும்பிலோ செய்த சட்ட வேலையையும் தகுதி அனுபவமாகக் காட்ட முடியும், ஆனால் இங்கிலாந்து–வேல்ஸ் சொலிசிட்டர் ஒருவர் அதை உறுதிப்படுத்த வேண்டும். வேலையை விட்ட பிறகு அப்படி ஒருவரைத் தேடுவது பெரும்பாடு. சேரும் நாளிலேயே யார் கையெழுத்துப் போடுவார் என்று கேளுங்கள்.

மதிப்பெண் கட்டத்தில் பலர் தாங்களே தங்களைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் 62 சதவீதம் நல்ல மதிப்பெண்ணா சுமாரா என்று அங்கே படிப்பவருக்குத் தெரியாது. வகுப்பில் எத்தனையாவது இடம், மொத்தம் எத்தனை பேர், பல்கலைக்கழகத்தின் முதல் வகுப்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை ஏ-லெவலாக (இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வு) நீங்களே மாற்றி எழுதாதீர்கள், உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

கடைசியாக விசா கட்டம். ‘உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?’, அதாவது வேலை விசாவுக்கு ஃபர்ம் பொறுப்பேற்க வேண்டுமா என்ற கேள்விக்கு, கிராஜுவேட் விசா கையில் இருக்கிறதே என்று ‘இல்லை’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விசாவை நீட்டிக்க முடியாது, டிரெயினிங் காண்ட்ராக்ட்டோ இரண்டு வருடம், நடுவில் கட்டாயம் ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுக்கு மாற வேண்டிவரும். ‘ஆம்’ என்றே போடுங்கள். அதன் பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலை முதல் 41,700 பவுண்டு, புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு 33,400. அதோடு அந்தத் தொழிலுக்கென்று தனி விகிதமும் பார்ப்பார்கள். லண்டன் பெரிய ஃபர்ம்களில் முதல் வருட டிரெயினிச் சம்பளமே ஐம்பதாயிரத்தைத் தாண்டுவதால் அங்கே பிரச்சினை இல்லை. சிறு ஊர் ஃபர்ம்களில்தான் இடிக்கும். ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை உள்துறை அமைச்சகம் இணையத்தில் வைத்திருக்கிறது, கட்டணம் இல்லை. விண்ணப்பம் எழுத உட்காருவதற்கு முன் அதில் அந்த ஃபர்மின் பெயரைத் தேடிப் பாருங்கள்.