இருமுவதற்கு ஒரு தலையணை

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் சர்ஜிகல் வார்டுக்கு வருபவர்கள் பலர் வலியைவிட இருமலுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம். அதனால் மூச்சை மேலோட்டமாக இழுப்பார்கள், சளியை அடக்குவார்கள். அது நெஞ்சில் கட்டிக்கொண்டால் காய்ச்சலில் போய் நிற்கும். வலி மருந்துக்கு அடுத்தபடியாக இந்த இடத்தில் எனக்குக் கைகொடுப்பது ஒரு சாதாரணத் தலையணை. அதைத் தையல் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். வயிறு குலுங்குவது குறையும், இருமவும் தைரியம் வரும்.

படுக்கையிலிருந்து எழுவதற்கும் முறை உண்டு. நேராக எழுந்தால் வெட்டுப்பட்ட தசை இழுக்கும். முழங்காலை மடித்து, உடம்பை மொத்தமாக ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்தால் முதலில் ஊதத்தான் செய்வார்கள். "ஸ்ட்ராவில இளநீர் குடிக்கிற மாதிரி உள்ள இழுங்க ஐயா" என்றால் உடனே பந்து மேலே போகும்.

இதையெல்லாம் எப்போது சொல்கிறோம் என்பது முக்கியம். மயக்கம் தெளியாமல் முனகுகிறவரிடம் சொன்னால் காதில் ஏறாது. முந்தின நாள் மாலையே சொல்லிவிட வேண்டும். 1964இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். வலி எங்கே, எப்படி இருக்கும், உடம்பை எப்படித் தளர்த்துவது என்று மயக்க மருத்துவர்கள் ஒரு பிரிவினருக்கு விளக்கினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழ பாதிதான்.

லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை, செய்துகொண்டவர்களிடம் இதை நன்றாகப் பார்க்கலாம். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையை உறுத்துவதால் சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். பித்தப்பையை எடுத்தவருக்குத் தோள் வலித்தால் என்ன நினைப்பார்? மாரடைப்பு என்றுதான். நாடித்துடிப்பு ஏறும், வியர்க்கும், வீட்டார் அழ ஆரம்பிப்பார்கள். முன்பே சொல்லி வைத்தவர், "சிஸ்டர், நீங்க சொன்ன தோள்வலி வந்துடுச்சு" என்பதோடு சரி. அப்போதும் நாடி, ரத்த அழுத்தம் பார்க்காமல் விடமாட்டேன்.

பாட்டும் உதவும். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்ததாகச் சொல்கிறது. ஆனால் இயர்போனில் கேட்க வேண்டும். ஒருவருடைய பக்திப் பாடல் வார்டு முழுக்க ஒலித்தால் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தலைவலி.

இதெல்லாம் ஊசி மாத்திரைக்குப் பதில் அல்ல. "பொறுத்துக்கோ, ஊசி போட்டா பழக்கமாயிடும்" என்று வீட்டார் சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. வலி தாங்க முடியாதவருக்கு முதலில் மருந்து, அப்புறம்தான் தலையணை.

முந்தின நாள் சொல்லும்போது துணைக்கு இருப்பவரையும் கூடவே உட்கார வைத்துவிடுவேன். நாங்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் "அசையாம படு" என்று அதட்டுவது பெரும்பாலும் அவர்தான்.