மாதம் 25,000 வாங்கும் அக்கா

எங்கள் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு மாதம் 25,000 ரூபாய் என்பது எப்படியோ தெருவுக்கே தெரிந்துவிட்டது. "அந்தக் காசுக்கு ஒரு வேலி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரே வைக்கலாமே" என்கிறார் பெரிய மாமனார். வைக்கலாம்தான். பிள்ளையை யார் பார்ப்பது?

26 வார பேறுகால விடுப்பு முடிந்து வங்கிக்குத் திரும்பியபோது நானும் சம்பளக் கணக்குதான் பார்த்தேன். அக்கா திருச்சியில் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருந்தவர். வந்ததும் தொட்டிலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். நேராகக் கொல்லைக்குப் போனார். அரசலாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் எங்கள் கொல்லைப் படியைத் தொட்டுத்தான் போகிறது. "ஜூன் 12 மேட்டூர் திறந்தா இங்க தண்ணி வந்துடும். அதுக்குள்ள பிள்ளை தவழ ஆரம்பிச்சிருவான். கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்க" என்றார். குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பதையும் நிறுத்தச் சொன்னார். தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீர் போதும், சத்தமே கேட்காது என்றார். இந்த வீட்டிலேயே இத்தனை வருஷம் இருக்கும் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

மருந்து அலமாரியிலும் அப்படித்தான். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப் என்றால் பெரும்பாலும் 5 மில்லிக்கு 125. அவசரத்தில் சிரப் அளவுக்குச் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, குழந்தையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவை மேலே எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஆனால் கொடுக்கும் காசு தகும் என்று எனக்குப் பட்ட இடம் வேறு. அத்தை ஒருநாள் என் பிள்ளையின் நாக்கில் தேன் தடவ வந்தார். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதிலிருக்கும் கிருமியால் தசைகளைச் செயலிழக்க வைக்கும் போட்டுலிசம் என்ற நோய் வரலாம். நான் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடே இறங்கியிருக்காது. அக்கா சொன்னார்: "முதல் பிறந்தநாள் முடியட்டும்மா, உங்க கையாலயே கொடுங்க." அத்தை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இங்கிலாந்தில் 1892-ல் தொடங்கிய நார்லாண்ட் கல்லூரி இந்த வேலைக்கென்றே ஆட்களைப் பழக்குகிறது. வழுக்கும் சாலையில் கார் ஓட்டுவதும் தற்காப்பும்கூடப் பாடமாம். நம் பக்கம் மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு கேட்பதில்லை.

குறுவைச் சாகுபடிக்குக் கடன் கேட்டு வங்கியில் கூட்டம் வந்துவிட்டால் நான் வீடு திரும்ப எட்டு மணியாகும். கூடுதல் நேரத்துக்குத் தனிக் காசு, ஞாயிறு முழு விடுமுறை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். எதிர்வீட்டுப் பெண் இப்போது, "அக்காவுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறாள். பத்தாயிரம்தான் தருவாளாம். அதை அக்காவிடமே கேட்டுக்கொள் என்று அனுப்பிவிட்டேன்.