லேயில் ஒரு குளிர்காலம்

லடாக்கில் இருக்கும் லே ராணுவக் கன்டோன்மெண்டில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது என்றதும் ஊரில் எல்லோரும் பனியைப் பற்றித்தான் விசாரித்தார்கள். பனியை விடுங்கள், இது குளிர் பாலைவனம், விழுவதே குறைவு. தண்ணீர்தான் பெரும்பாடு. ஜனவரி இரவில் மைனஸ் 20 வரை போகும், குழாய் உறைந்துவிடும், அதனால் வருகிறபோதே வாளி, குண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைக்க வேண்டும், அதிலும் காலையில் மேலே கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும், சொம்பால் தட்டி உடைத்துத்தான் மொள்ள முடியும்.

11,500 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இட்லி மாவைக் கம்பளி சுற்றி, அறையைச் சூடாக்கும் அடுப்பான புகாரி பக்கத்தில் வைப்பேன், அதற்கு மனமிருந்தால் பொங்கும். மண்ணெண்ணெய் புகாரியை எரியவிட்டுத் தூங்கக் கூடாது, விஷவாயு ஆளையே கொன்றுவிடும்.

என் கணவர் மேலே ராணுவக் காவல் போஸ்ட்டுக்குப் போய்விட்டால் போன் எப்போது வரும் என்று தெரியாது. குடும்பங்கள் அங்கே போக முடியாது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அக்காவும் நானும் அரைகுறை இந்தியில் மாற்றி மாற்றிப் புலம்பிக்கொள்வோம், அது போதும்.

அப்புறம், புதிதாக வருகிறவர்கள் போஸ்ட்பெய்ட் சிம்மோடு வாருங்கள். நம்மூர் ப்ரீபெய்ட் இங்கே எடுக்காது.