சிலோன் வாத்தியாரின் கழித்தல் கணக்கு

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் எனக்கு முதல் பணி நியமனம் கிடைத்த தொடக்கப் பள்ளியில் என்னையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். மற்றவர் சிலோன் வாத்தியார். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய இயற்பெயர் புழங்கி நான் பார்த்ததில்லை. ஒன்றும் இரண்டும் எனக்கு, மூன்று முதல் ஐந்து வரை அவருக்கு என்று வகுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். நடுவில் ஒரு தட்டிதான் என்பதால் அவர் நடத்துவதெல்லாம் என் பக்கம் கேட்கும். என் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுத்து வேலை கொடுத்துவிட்டு, நான் அவர் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். போன மழைக்காலத்தில் அவர் காலமானார் என்று தெரிந்தபோது, முகத்துக்கு முன்னால் அந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது.

கணக்குதான் அவருடைய பாடம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களுக்கு எடை போடும்போது துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். சாக்கின் எடைக்கு ஒரு கழிவு, இலையில் ஈரம் இருந்தால் அதற்கு ஒரு கழிவு. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்தப் பக்கம் நாள் கணக்கில் வெயில் தெரியாது. ஈரக் கழிவுக்கும் ஓய்வு கிடையாது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் அம்மாவின் சீட்டை வாங்கிவரச் சொல்வார். “மொத்தம் 31 கிலோ. கழிவு 4. சீட்டில் 25 என்று போட்டிருக்கிறதே, மீதி இரண்டு கிலோ எங்கே போயிற்று?” பிள்ளைகள் விரலை மடக்கி நீட்டிப் பார்க்கும். ஒரு நாள் மாலை ஒரு சிறுமி எடை போடும் இடத்துக்கே போய் அந்த இரண்டு கிலோவைக் கேட்டுவிட்டாள். மறுநாள் காலை தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து பள்ளி வாசலில் நின்றார்.

“புத்தகத்தில் இருக்கும் மாம்பழக் கணக்கை நடத்தக் கூடாதா வாத்தியாரே?”

“எங்கள் பிள்ளைகளின் வீட்டில் யாரும் மாம்பழம் விற்பதில்லையே ஐயா.”

அவ்வளவுதான். சாக்பீஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வந்தவரை உட்காரச் சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்புவது என் வேலையாயிற்று.

ஐந்தாம் வகுப்பில் லட்சம் வரும். ஆறு இலக்கக் கழித்தலுக்கு அவரிடம் ஒரே கணக்குதான், ஆண்டுதோறும் அதேதான். கரும்பலகையில் 9,75,000 என்று எழுதுவார். இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோனது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, எந்த நாட்டுக்கும் சேராமல் நின்றவர்கள் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட தொகை அது. “இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி?” சிலேட்டுகளில் கழித்து 1,50,000 என்று விடை வரும். ஒரு முறை ஒரு பையன் எழுந்து, “அந்த மீதிப் பேர் எங்கே இருந்தார்கள் சார்?” என்று கேட்டான். “மீதியாகவே இருந்தார்கள். பத்து வருஷம்” என்றார். 1974இல் இரண்டு நாடுகளும் அவர்களை ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டுக்கொண்டதைச் சொல்லி, “அது வகுத்தல். அடுத்த வாரம் நடத்துகிறேன்” என்று பலகையை அழித்துவிட்டார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது வேண்டுமா என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார் அந்த எண்ணுக்குள் இருந்தவர்கள் என்பதையும் மறுக்க முடியாது.

அவரும் அதற்குள் இருந்தவர்தான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, குடும்ப அட்டையோடு நீலகிரிக்கு வந்தார். தாயகம் திரும்புவோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அவருடைய பெற்றோருக்குக் கொழுந்து வேலை கிடைத்தது. அவர் அங்கே சொல்லிக்கொடுத்த அனுபவம் இங்கே செல்லவில்லை. மறுபடி படித்து, பயிற்சி முடித்துத்தான் ஆசிரியரானார். இவ்வளவையும் நான் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தேன். தானாக அவர் பேசியது ஹட்டனின் குளிரைப் பற்றி மட்டும்தான். பந்தலூர்க் குளிரை அவர் குளிரென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

மாலை வேளைகளில் பள்ளித் திண்ணை மனு எழுதும் இடமாகிவிடும். சாதிச் சான்றிதழுக்குப் பூர்வீகம் எது என்று கேட்பார்கள். இருப்பிடச் சான்றுக்கு லயத்து வீட்டின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், எண் மட்டும் போதாது என்பார்கள். அவர் காசு வாங்காமல் எழுதிக் கொடுப்பார். ஆனால் கையெழுத்துப் போடத் தெரிந்தும் கைநாட்டு வைக்க வருகிறவர்களை விடமாட்டார், திட்டியாவது எழுத வைப்பார்.

மகளும் மருமகனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனபோது பேத்தி அவரிடம் தங்கினாள். மனைவி முன்னரே தவறிவிட்டார். பேத்தி மூன்றாம் வகுப்பு, அதாவது அவருடைய வகுப்பு. வகுப்பில் ‘சார்’, வாசலைத் தாண்டினால் ‘தாத்தா’. அவள் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. அவளுடைய தேர்வுத் தாளை மட்டும் தட்டிக்கு இந்தப் பக்கம் நீட்டுவார்: “நீங்கள் திருத்துங்கள் டீச்சர், என் கை தாராளமாகப் போய்விடும்.” யானை நடமாட்டம் உள்ள பாதை என்பதால் காலையில் அவளைப் பத்தடி பின்னால் வரவிட்டு, முன்னால் தடியைத் தட்டிக்கொண்டே நடந்துவருவார்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், “இரட்டைப் பின்னல் எப்படிப் போடுவது டீச்சர்?” என்று கேட்டார். பக்கத்து லயத்துப் பெண் பின்னிவிட்டுக்கொண்டிருந்தாளாம். அவளும் ஊரைவிட்டுப் போய்விட்டாள். சாக்கிலிருந்து சணலைப் பிரித்து ஜன்னல் கம்பியில் மூன்று புரியாகக் கட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நடுப்புரியைத் தவறவிட்டு, அவிழ்த்து, மறுபடி பின்னினார். பிள்ளைகள் எட்டிப்பார்த்துச் சிரித்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஜன்னலில் சணல் பின்னல் தொங்கியது. அடுத்த திங்கட்கிழமை அவள் சிவப்பு ரிப்பன் வைத்து வந்தாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் பள்ளியை விடவில்லை. பேத்தி உயர்நிலைப் பள்ளிக்கு பஸ்ஸில் போகத் தொடங்கியதும், மாலையில் பஸ் நிறுத்தத்தில் குடையோடு நின்றார். நான் மாற்றலில் ஊர்ப் பக்கம் வந்துவிட்டேன்.

துக்கம் கேட்கப் போனபோது பேத்தியைப் பார்த்தேன். கோவையில் மருந்தாளுநராக இருக்கிறாள், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். சணல் கதையை நான் எடுத்ததும் சிரித்துவிட்டாள். “தாத்தா போட்ட பின்னல் ஒரு நாளும் நின்றதில்லை டீச்சர். பஸ் ஏறியதும் அவிழ்த்து நானே பின்னிக்கொள்வேன். சாயங்காலம் இறங்குவதற்கு முன்னால் ஒன்றை மேலே ஒன்றைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வேன். பிளஸ் டூ வரைக்கும் அப்படித்தான்.”