துருசு இருந்த தொங்கல்

கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில், வன்னியின் சிறு குளங்களை வரைபடமாக்கும் வேலையைச் செய்து வருகிறேன். செய்மதிப் படத்தைத் திரையில் விரித்து, குளக்கட்டு, மிகைநீர் வழிந்தோடும் வான், வயலுக்கு நீரைத் திறந்துவிடும் மதகான துருசு, வாய்க்கால், நீர் பரவும் விளிம்பான அலைகரை ஆகிய ஒவ்வொன்றையும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் புள்ளி புள்ளியாக வைத்து வரைய வேண்டும். பற்றைக்காடு மூடிய ஒரு குளக்கட்டு எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் தெரிவது மேட்டுநிலமா, தூர்ந்துபோன பழைய வாய்க்காலா என்று பிரித்தறிவதற்கு ஒரே படத்தைச் சில வேளைகளில் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அந்தப் பார்வை இடையில் அறுந்தால், கண் மறுபடியும் முதலிலிருந்தே பழக வேண்டும்.

அப்படி அறுந்த ஒரு முற்பகலின் விளைவை, உழவர்களின் கமக்கார அமைப்புக் கூட்டமொன்றில் நேரே கண்டேன். அச்சிட்டு மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், ஓரிடத்தில் நிறுத்தி, “பிள்ளை, இந்தத் துருசு கட்டின்ர மற்றத் தொங்கலிலையெல்லோ இருக்கு?” என்று கேட்டார். நான் அதைக் கட்டின் தவறான முனையில் வரைந்திருந்தேன். அவர் கோபப்படவில்லை, அந்த அமைதிதான் எனக்கு அதிகம் வலித்தது. தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பேசுவதற்காகவே அந்த வரைபடத்தைக் கொண்டுபோயிருந்தோம். அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தக் குளத்தை வரைந்த நாளின் உலாவி வரலாற்றைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்குள் முகநூலுக்கு ஐந்து தடவை போயிருக்கிறேன். யூடியூப்பில் ஏழு காணொளிகள் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

முதலில் கைத்தொலைபேசிக்கு, கவனச்சிதறலைத் தடுக்கும் ஒரு செயலியை நிறுவினேன். நான் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறேன் என்பதையெல்லாம் பார்க்க அது அனுமதி கேட்டது. பிறகு தானே விளம்பரமும் காட்டியது. கவனத்தைக் காக்க வந்த ஒன்று என் கவனத்தை விற்பதை ஏற்க முடியாமல் அன்றைக்கே அகற்றிவிட்டேன்.

என் கணினி உபுண்டுவில் இயங்குகிறது. அதில் ஹோஸ்ட்ஸ் என்றொரு சிறு உரைக்கோப்பு உண்டு. விண்டோஸிலும் அது இருக்கிறது. ஓர் இணையத்தளத்தின் முகவரியை வெளியே விசாரிப்பதற்கு முன் கணினி இந்தக் கோப்பைத்தான் பார்க்கும். தளத்தின் பெயருக்கு நேரே, எங்கும் கொண்டுசேர்க்காத 0.0.0.0 என்ற முகவரியை எழுதிவிட்டால் அதற்கு மேல் வழியில்லை. பெயர்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். முதன்மைப் பெயரை எழுதிவிட்டு, கைத்தொலைபேசிப் பதிப்பின் பெயரை விட்டுவிட்டால் அந்த வாசல் திறந்தே கிடக்கும். கோப்பைத் திருத்துவதற்கு ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருப்பதால், மனம் மாறி அடைப்பை எடுக்க நினைத்தாலும் கை உடனே போகாது. முகநூல், யூடியூப், செய்தித் தளங்கள், கணினியில் திறக்கும் வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அடைத்தேன். கைத்தொலைபேசியில் டேட்டாவையும் நிறுத்தி வைத்தேன்.

இரண்டு கிழமை மிக நன்றாக வேலை நடந்தது. மூன்றாவது கிழமை, கார்த்திகை மழைக்குள், பார்க்கப் போகவிருந்த குளத்துக்கான பாதை வெள்ளத்தில் மூடிவிட்டதென்று கமக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியைப் பார்க்காமலே வாகனம் பிடித்துப் போய், பாதி வழியில் திரும்பி வந்தோம். மழைக்காலத்தில் எந்தக் குளம் வான் பாய்கிறது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் எப்போது திறக்கப்படும் என்பவை இங்கே உயிரோடும் பயிரோடும் தொடர்புடைய செய்திகள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்த எவரும் அத்தகைய செய்திக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் துணியமாட்டார்கள். உறவுகளும் அப்படியே. கனடாவில் அக்கா இருக்கும் ஊரில் இரவு பத்தரை மணியாகும்போது கோடைகாலத்தில் இங்கே காலை எட்டு மணி. நாள் முழுக்க உழைத்துவிட்டு அக்கா வைபரில் அழைக்கும் நேரமும், நான் கணினியின் முன் அமரும் நேரமும் ஒன்றுதான். அந்த அழைப்பைக் கவனச்சிதறல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மனிதர்கள் எனக்குச் சொல்ல வருவதையும், என்னைப் பிடித்து வைத்திருப்பதற்காக ஒரு நிறுவனம் என் முன் அடுக்குவதையும் ஒரே கதவால் அடைத்ததுதான் என் பிழை. இதை விளங்கிக்கொண்ட பிறகு ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து பெரும்பாலான வரிகளை எடுத்துவிட்டு, பயர்பாக்ஸ் உலாவியில் லீச்பிளாக் என்ற நீட்சியைச் சேர்த்தேன். அதில் தளங்களைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் தனியான நேரமும் அளவும் வைக்கலாம், விதிவிலக்கும் எழுதலாம். யூடியூப்பின் முகப்பு எனக்கு அடைபட்டிருக்கும். ஆனால், கியூஜிஐஎஸ் பாடமொன்றின் இணைப்பை யாராவது அனுப்பினால் அந்தக் காணொளி மட்டும் திறக்கும். அதன் ஓரத்தில் வரிசைகட்டும் பரிந்துரைகளை யூபிளாக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி மூலம் மறைத்துவிட்டேன். விளம்பரங்கள் தரவிறங்காமலே தடைபடுவதால் டேட்டாவும் மிஞ்சுகிறது. மாத முடிவில் ரீலோட் போடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இவற்றை இலவசம் என்பதற்காகவே தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இவை கட்டற்ற மென்பொருள்கள். அந்தச் சொல்லின் பொருள், 1983இல் குனூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் விளக்கியபடி, விலையைவிட உரிமையைப் பற்றியது: இயக்கவும், மூலநிரலைப் படிக்கவும், மாற்றவும், பகிரவும் உள்ள உரிமை. நான் நிரலாளர் அல்லேன். ஆயினும், என் ஒருநாளில் எதற்கு இடம், எதற்கு இடமில்லை என்று முடிவு செய்யும் கருவி, பிறர் திறந்து பார்க்கக்கூடியதாக இருப்பதை இப்போது பெரிதாக மதிக்கிறேன்.

இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று மணியடிக்கும் கருவிகளையும் பார்த்தேன். குளத்தின் எல்லை இருபத்தைந்து நிமிடத்தில் முடிவதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

எனக்கு அதிகம் பயன்பட்டது லீச்பிளாக்கில் உள்ள தாமதப் பக்கம். தளத்தை முற்றாக அடைக்காமல், முப்பது வினாடி எண்ணிக் காட்டிய பிறகே உள்ளே விடும்படி வைக்கலாம். அந்த முப்பது வினாடிகளில் செய்வதற்கு எதுவுமில்லாததால், நான் ஏன் இங்கே வந்தேன் என்று பார்க்கத் தொடங்கினேன். வேலை இலகுவாக ஓடும்போது என் கை அந்தப் பக்கம் போவதே இல்லை. கட்டு பற்றைக்குள் மறையும் இடத்தில், நிழலா நீரா என்று தெரியாத இடத்தில், எதை வரைவதென்று முடிவெடுக்க முடியாத கணத்தில்தான் போகிறது. அன்றைய துருசும் அப்படியான ஓரிடத்தில்தான் இருந்திருக்க வேண்டும். முடிவெடுக்கத் தயங்கி வெளியே போய், திரும்பி வந்து, தெரிந்ததுபோல ஒரு புள்ளியை வைத்திருக்கிறேன்.

ஆகவே வரைபடத்தில் ‘ஐயம்’ என்ற பெயரில் ஓர் அடுக்கு சேர்த்தேன். தாமதப் பக்கம் வரும் ஒவ்வொரு தடவையும் அதை மூடிவிட்டு, அப்போது வரைந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறேன். களப்பயணத்தின்போது முதலில் அந்தப் புள்ளிகளுக்குத்தான் போகிறோம். சென்ற சிறுபோக வேளாண்மைக் காலத்தில் அந்த முதியவரின் குளத்துக்கு மறுபடியும் போனேன். பதினொரு புள்ளிகள் இருந்த தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் கட்டில் முன்னே நடந்து, கத்தியால் பற்றையை விலக்கி, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார். ஏழாவது புள்ளியில், செய்மதிப் படத்தில் நான் வெறும் நிழலென்று நினைத்திருந்த இடத்தில், கல் பெயர்ந்த ஒரு பழைய துருசு இருந்தது.